திருத்தணியில் இரண்டு நிலாக்கள்
மாயக் கதை வாசகர் வரலாறு: பகுதி 9

1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி திருத்தணி மாநிலம் மாறியது. முந்தின இரவு ஆந்திரப் பிரதேசத்துச் சித்தூர் மாவட்டத்தில் படுத்தவர்கள், விடிந்தபோது சென்னை மாநிலத்துச் செங்கல்பட்டு மாவட்டத்தில் எழுந்தார்கள். தாலுகா கச்சேரி, போலீஸ் ஸ்டேஷன், பள்ளிக்கூடம், நிலத்தீர்வைக் கணக்கு என்று அரசாங்கத்தின் உடைமை அத்தனையும் கைமாறின. கைமாறாமல் இருந்தவற்றில் ஒன்று, மாதம் பிறந்தால் சென்னையிலிருந்து வந்து சேரும் ஒரு பிள்ளைகள் பத்திரிகை. தெலுங்குக்காரர்களுக்கு அது சந்தமாமா, தமிழர்களுக்கு அம்புலிமாமா. அந்த ஆண்டு அதன் தெலுங்குப் பதிப்பில் ‘ஜ்வாலாத்வீபம்’ என்ற தொடர்கதை ஓடிக்கொண்டிருந்தது. ராஜ்யம் எதுவானாலும் அந்தத் தீவுக்குப் போகிறவர்களை யாரும் எல்லையில் நிறுத்திக் கேட்கவில்லை.

சென்ற பகுதியில் ஆரணி குப்புசாமி முதலியாரையும் வடுவூர் துரைசாமி ஐயங்காரையும் பார்த்தோம். அவர்களுடைய வாசகர் பட்டணத்துக் குமாஸ்தா, வக்கீல் வீட்டு அம்மாள், ரயிலில் போகிற வியாபாரி. அந்த நாவல்களில் கொலை உண்டு, புதையல் உண்டு, ரகசிய அறை உண்டு; ஆனால் கடைசி அத்தியாயத்தில் எல்லாவற்றுக்கும் காரணம் சொல்லிவிடுவார்கள். காரணம் சொல்லாத கதைக்கு ஏங்கியவர்கள் வேறொரு கூட்டம். அவர்களைத் தேடித்தான் இந்த மலையடிவாரத்துக்கு வந்திருக்கிறோம்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா போகும் பாதையில், அரக்கோணம் தாண்டிப் பதின்மூன்று கிலோமீட்டர் போனால் திருத்தணி. சென்னையையும் பம்பாயையும் ராய்ச்சூர் வழியாக இணைக்கும் ரயில் தொடர் 1871இல் முழுமை பெற்றபோது ஊர் அந்த வழியில் ஒரு நிறுத்தம். கார்வேட்டிநகரம் ஜமீனில் இருந்தது. வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உண்டானபோது அதற்குள் போனது. 1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திர மாநிலம் பிறந்ததும், தமிழ் பேசுகிற இந்த மலை அதனுடன் சேர்ந்தே போயிற்று. ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகமும், எல்லைக் கிராமங்களில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஆயுளைக் கழித்த மங்கலங்கிழாரும், வழக்கறிஞர் கே. விநாயகமும் நடத்திய போராட்டம் தனி நூலுக்குரியது. மறியல், கைது, சிறை எல்லாம் ஆகி, மத்தியஸ்தர் படாஸ்கர் செய்த பங்கீட்டின்படி சட்டம் இயற்றி, திருத்தணியை இங்கே தந்து சத்தியவேடு வட்டாரத்தை அங்கே எடுத்துக்கொண்டார்கள். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த ராதாகிருஷ்ணன் அப்போது தில்லியில் துணைக் குடியரசுத் தலைவர்.

நமக்கு வேண்டியது அந்தச் சண்டையின் அடியில் கிடக்கிற சாதாரண விஷயம். இந்தப் பக்கத்துச் சந்தையில் விலை கேட்பது ஒரு மொழியில், பேரம் பேசுவது இன்னொன்றில் என்பது சகஜம். கோயிலுக்கு வருகிறவர்களும் அப்படித்தான். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து வருகிற கூட்டத்தில் பாதி தெலுங்கு பேசும். 365 படிகளையும் ஏறி மூச்சு வாங்கி நிற்கும்போது யாருடைய அரோகரா எந்த மொழி என்று பிரித்தறிய முடியாது.

அப்படி வருகிற கூட்டம் ஏற்கெனவே மாயக் கதைக்குப் பழகிய கூட்டம். கந்த புராணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சூரபத்மன் கடல் நடுவில் மாமரமாக நிற்கிறான், வேல் பிளக்கிறது, ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். கிரௌஞ்ச மலை உண்மையில் மலை அல்ல, அசுரன். சிங்கமுகனின் தலைகள் வெட்ட வெட்ட முளைக்கும். இதை நான்கு வயதில் கேட்டு ‘அப்புறம்?’ என்று கேட்ட பிள்ளைக்கு, பின்னால் எந்த இயந்திர மனிதனும் பெரிய அதிசயமாகிவிட முடியாது.

திருவிழாவென்றால் கடைத்தெரு. வளையல், பொரி, பம்பரத்துக்கு இடையில் தரையில் விரித்த சாக்கின்மேல் பெரிய எழுத்துப் புத்தகங்கள். சென்னையில் இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்றவர்கள் மலிவுத் தாளில் அச்சிட்டு, ஊர் ஊராகத் திருவிழாவுக்கு அனுப்பிய சரக்கு இது. ஆ.இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ நூலில் இந்த உலகத்தை விரிவாகக் காட்டியிருக்கிறார். விக்கிரமாதித்தன் கதை, மதனகாமராஜன் கதை, அல்லியரசாணி மாலை. கூடு விட்டுக் கூடு பாய்வது, பேசும் பதுமை, பறக்கும் குதிரை, வேதாளம். மதனகாமராஜன் கதையைப் பண்டிதர் நடேச சாஸ்திரி 1880களிலேயே ஆங்கிலத்தில் கொண்டுபோய், வெள்ளைக்காரர்களும் வாயைப் பிளக்கும்படி செய்தார். ஊரில் வாசிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிக்க, தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். இலக்கிய வரலாற்று நூல்கள் இந்த வாசகர்களை ஒற்றை வரியில் கடந்துவிடும். என் கணக்கில் தமிழின் முதல் பெரிய கற்பனைக்கதை வாசகர் கூட்டம் இதுதான்.

தெலுங்குப் பக்கத்திலும் இதற்கு இணையான ஒன்று இருந்தது: மதிர சுப்பன்ன தீட்சிதர் எழுதிய ‘காசி மஜிலீ கதைகள்’. ஒரு குருவும் மாடு மேய்க்கும் பையனும் காசிக்கு நடந்தே யாத்திரை போகிறார்கள். ஒவ்வொரு தங்குமிடத்திலும் பையன் அங்கே கண்ட வினோதத்தைக் கேட்பான். குரு அதற்கொரு கதை சொல்வார். கதை கேட்பதற்காகவே பையன் அடுத்த ஊர்வரை நடக்கிறான். யாத்திரைக்காரர்களை நம்பிப் பிழைக்கும் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான நூல் கிடைக்குமா? தொடர்கதையின் சூட்சுமமும் இதற்குள்ளேயே இருக்கிறது. இன்று இத்தோடு நிறுத்து, மிச்சம் நாளைக்கு.

இந்தக் கதைகளில் ஒன்றுடன் அலாவுதீனின் அற்புத விளக்கும் கலந்து, 1951இல் ‘பாதாள பைரவி’ என்ற படமானது. தெலுங்கிலும் தமிழிலும் ஒரே சமயத்தில் எடுத்தார்கள். இயக்கம் கே.வி. ரெட்டி, மந்திரவாதியாக எஸ்.வி. ரங்காராவ், ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி. தயாரித்தவர்கள் நாகி ரெட்டியும் சக்ரபாணியும். இதே இருவர்தான் நான்கு வருஷம் முன்னால், சுதந்திரத்துக்கு ஒரு மாதம் இருக்கையில், 1947 ஜூலையில் சந்தமாமாவையும் அம்புலிமாமாவையும் தொடங்கியவர்கள். நாகி ரெட்டி கடப்பைப் பக்கத்துக்காரர், அச்சகக்காரர். வடபழனியில் ஸ்டூடியோவும் அச்சுக்கூடமும் அவர் கையில். சக்ரபாணி தெனாலிக்காரர், எழுத்தாளர், வங்காளத்திலிருந்து மொழிபெயர்த்தவர். திரையில் பறக்கும் மாளிகையும் தாளில் பறக்கும் மாளிகையும் ஒரே முதலாளிகளின் சரக்கு.

1957இல் அதே கூட்டணியின் ‘மாயா பஜார்’ வந்தது. அதில் ஒரு பெட்டி வரும், நினைவிருக்கும். திறந்தால் அவரவருக்கு எது பிரியமோ அது அசையும் படமாகத் தெரியும். பலராமருக்குத் துரியோதனன், அவர் மனைவிக்கு நகைகள், நாயகிக்குக் காதலன். இன்றைய பிள்ளைகளுக்கு அதைப் போட்டுக் காட்டினால், வீடியோ கால் என்று சொல்லிவிட்டு அடுத்ததைக் கேட்பார்கள். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து அதைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. விளக்கமில்லாமல் ஒரு கருவியை ஏற்றுக்கொள்ளும் இந்தப் பழக்கம்தான் பின்னால் சுஜாதாவுக்குப் பயன்படப்போகிறது. அதற்கு முன்னால் அம்புலிமாமாவுக்குள் கொஞ்சம் தங்க வேண்டும்.

அம்புலிமாமா என்றதும் எல்லோருக்கும் தோளில் வேதாளம் தொங்க, வாளேந்தி மயானத்தில் நடக்கும் விக்கிரமன் நினைவுக்கு வருவான். தாராபுரம் பக்கத்துக் காரத்தொழுவில் பிறந்த ஓவியர் கே.சி. சிவசங்கரன், ‘சங்கர்’ என்று கையெழுத்திட்டவர், வரைந்த படம் அது. 2020இல் தொண்ணூற்றாறு வயதில் மறைந்தார். அடுத்த ஆண்டு பத்மஸ்ரீ அறிவித்தார்கள். வாழும்போது கொடுத்திருக்கலாம். ஆனால் பிள்ளைகளை மாதத்தின் முதல் வாரத்தில் கடைவாசலில் காத்து நிற்க வைத்தது வேதாளம் அல்ல. வேதாளக் கதை அந்த இதழிலேயே ஆரம்பித்து அந்த இதழிலேயே முடிந்துவிடும். காத்திருக்க வைத்தது தொடர்கதை. அதை எழுதியவர் பெயரைச் சொன்னால் நம்மில் பலருக்குத் தெரியாது: தாசரி சுப்பிரமணியம்.

குண்டூர் மாவட்டத்துக்காரர். 1952இல் சந்தமாமா ஆசிரியர் குழுவில் சேர்ந்தார், அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தார், 2010இல் காலமானார். 1954இல் அவருடைய முதல் தொடர் ‘தோகசுக்க’ தொடங்கியது. வால்நட்சத்திரக் கதை. பிறகு ‘மகர தேவத’, ‘முக்குரு மாந்த்ரிகுலு’, ‘கஞ்சுகோட’, ‘ஜ்வாலாத்வீபம்’, ‘ராகாசி லோய’, ‘பாதாள துர்கம்’, ‘சிதிலாலயம்’, ‘ராதி ரதம்’, ‘யட்ச பர்வதம்’, ‘மாயா சரோவரம்’, ‘பல்லூக மாந்த்ரிகுடு’. முதலையும் மந்திரவாதியும் வெண்கலக் கோட்டையும் கல் ரதமும் கரடி மந்திரவாதியும் எழுபதுகளின் கடைசிவரை வந்தார்கள். பன்னிரண்டு தொடர்கள். எதிலும் அவர் பெயர் கிடையாது. அது பத்திரிகையின் வழக்கம். தெலுங்கில் எழுதியதை மற்ற மொழிகளில் பெயர்த்தார்கள். படங்கள் மட்டும் எல்லாப் பதிப்புக்கும் ஒன்றே. தொடர்களுக்கு வரைந்தவர் ‘சித்ரா’ என்கிற டி. வீரராகவன். அவருடைய மந்திரவாதிகளின் மூக்கும், காட்டு மனிதர்களின் கொம்பு வைத்த தலைப்பாகையும், ராட்சதப் பறவைகளின் நகமும் எந்த நாட்டையும் சேர்ந்தவை அல்ல. ராமாயணத்தில் இல்லை, ஆயிரத்தோரு இரவுகளில் இல்லை. தாமே ஓர் உலகம் செய்துகொண்டார்கள் இந்த இருவரும்.

இதைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். பெரிய எழுத்துப் புத்தகத்தில் வருகிற வேதாளம் ஊரறிந்த வேதாளம். கதை கேட்பவனுக்கு முடிவு முன்கூட்டியே தெரியும். ராகாசிப் பள்ளத்தாக்கில் அடுத்த மாதம் என்ன நடக்கும் என்பது யாருக்கும் தெரியாது. பாட்டிக்கும் தெரியாது. புராணத்திலிருந்து புனைவுலகுக்கு நம் பிள்ளைகள் தாண்டியது இந்த இடத்தில். டோல்கின் தன் மோதிரக் கதையின் முதல் பாகத்தை இங்கிலாந்தில் வெளியிட்டதும் அதே 1954இல்தான். ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆக்ஸ்போர்டுக்காரர் எழுதி முடிக்கப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டார்; வடபழனிக்காரருக்கு அச்சுக்குப் போகும் தேதி மாதாமாதம் நெருக்கும்.

தொடரின் கட்டுமானம் எளிது. தலைப்பில் பெரிய வண்ணப்படம். ஆரம்பத்தில் அடைப்புக்குறிக்குள் முன்கதைச் சுருக்கம். நடுவில் இரண்டு வாலிபர்கள் காடு, குகை, பாழடைந்த கோயில் என்று போய்க்கொண்டே இருப்பார்கள். கடைசிப் பத்தியில் மரத்தின் மேலிருந்து ஏதோ ஒன்று பாயும், அல்லது பாறை நகரும். அத்துடன் ‘தொடரும்’. வர்ணனை என்று எதுவும் கிடையாது, உபதேசம் மருந்துக்கும் கிடையாது. பெரியவர்கள் இதையே குறையாகச் சொன்னார்கள்.

சொன்னவர்களில் ஒருவர் சக்ரபாணி. முதலாளி! பத்திரிகையின் உள்விவகாரம் அறிந்தவர்கள் எழுதிவைத்திருப்பதன்படி, இந்த மாயாஜாலத் தொடர்கள் அவருக்கு ரசிக்கவில்லை. வங்க இலக்கியத்தில் தோய்ந்தவர் அல்லவா. அறுபதுகளின் நடுவில் தாசரியின் தொடரை நிறுத்திவிட்டு பங்கிம் சந்திரரின் ‘துர்கேசநந்தினி’யைப் போட்டார்கள். நல்ல நாவல்தான். அரண்மனை, போர், காதல் எல்லாம் உண்டு. வாசகர்கள் ஏற்கவில்லை. விற்பனை இறங்கியது. 1966இல் ‘பாதாள துர்கம்’ தொடங்கியது. தாசரி மறுபடி நாற்காலிக்கு வந்தார். பத்து வயதுப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு பத்திரிகை முதலாளியின் இலக்கிய ரசனையைத் தோற்கடித்த சம்பவம் நம் வாசக வரலாற்றில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் ஊர்வலம் போகவில்லை, மனுக் கொடுக்கவில்லை. வாங்கவில்லை, அவ்வளவுதான். திருத்தணியில் ஒரே கடையில் இரண்டு மொழியிலும் விலைபோகும் பத்திரிகையென்றால், அந்தத் தோல்விக்கு இந்த ஊர் இரண்டு பங்கு போட்டிருக்கும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மந்திரமும் பூதமும் நிறைந்த இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் பொறுப்பை 1952 முதல் 1980இல் இறக்கும்வரை பார்த்தவர் கொடவட்டிகண்டி குடும்பராவ். கல்லூரியில் இயற்பியல் படித்தவர், முதுகலைக்குக் காசி போய்ப் பாதியில் திரும்பியவர், தெலுங்கின் முன்னணிச் சிறுகதையாசிரியர், இடதுசாரி, அறிவியல் கட்டுரைகளும் எழுதியவர். அவருடைய சொந்தக் கதைகளில் பேய் கிடையாது. வரதட்சணையும் குமாஸ்தா சம்பளமும்தான். அதே கை பகலில் வேதாளத்தின் கேள்விகளைச் செப்பனிட்டது. விக்கிரமன் கதை ஒவ்வொன்றும் ஒரு புதிரோடு முடிவதையும், பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாகும் என்ற நிபந்தனையையும் பார்க்கும்போது, அந்த இயற்பியல் மாணவர் அங்கே எதற்காக உட்கார்ந்திருந்தார் என்று புரிகிறது.

தமிழ்நாட்டில் அக்காலத்தில் பகுத்தறிவுப் பேச்சு மேடைதோறும் முழங்கியது. மாயாஜாலக் கதை மூடத்தனம் என்று வீட்டுக்கு வீடு ஒரு சித்தப்பா சொல்லிக்கொண்டிருந்தார். மறுபக்கத்தில் இது பாடத்தைக் கெடுக்கும் என்ற வாத்தியார். இருவருக்கும் பயந்து கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துப் படித்த தலைமுறை அது. அந்தத் தலைமுறைதான் தொடரின் பக்கங்களை இதழிலிருந்து கத்தரித்து, வரிசைப்படுத்தி, சாக்கு ஊசியால் துளையிட்டு நூல்கோத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு பைண்டு செய்தது. பெரிய எழுத்துக் கதைக்கு யாரும் பைண்டிங் செய்ததில்லை. கிழிந்தால் அடுத்த திருவிழாவில் வேறு வாங்கலாம். தொடர்கதை அப்படியில்லை. ஒரு மாதம் தவறினால் தவறியதுதான். தவறிய இதழைத் தேடுவது தனி வேட்டை. பக்கத்து வீடு, வாடகை நூலகம், பழைய பேப்பர் கடை, கடைசியில் சென்னை மூர் மார்க்கெட்.

எல்லை ஊரில் இந்த வேட்டைக்கு ஒரு கூடுதல் வசதி. தமிழ் இதழ் கிடைக்காவிட்டால் தெலுங்கு இதழ் கிடைக்கும். படங்கள் ஒன்றுதான். தெலுங்குப் பள்ளியில் படித்த அண்ணன் வாசித்துச் சொல்ல, தம்பி படத்தைப் பார்த்தபடி கேட்டால் போதும். 1960க்குப் பிறகு பள்ளிப் பாடமொழி மாறிய வீடுகளில் அண்ணனுக்கு ஒரு எழுத்தும் தம்பிக்கு வேறொரு எழுத்தும் வந்தது. அந்த வீடுகளில் இரண்டு நிலாக்களுமே பயன்பட்டன.

அறிவியல் எங்கே வந்தது? மெதுவாக, மந்திரவாதியின் அங்கியை மாட்டிக்கொண்டுதான் வந்தது. 1963இல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலை அரசி’ வெளியானது. வேற்றுக் கிரகத்துக்காரர்களுக்கு விஞ்ஞானம் எல்லாம் இருக்கிறது, சங்கீதம்தான் இல்லை. எனவே பூமிக்கு வந்து பாடகியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பாதாள பைரவியில் இளவரசியை மந்திரவாதி தூக்கிப்போன அதே காரியம். பறக்கும் மாளிகைக்குப் பதில் வட்ட வடிவ விண்கலம். விஞ்ஞானிகள் சிரித்திருப்பார்கள். சபையோர் சிரிக்கவில்லை, ஏனென்றால் வழி தெரிந்த வழி.

அடுத்து 1972 ஜனவரி. சிவகாசியில் முத்து காமிக்ஸ் முதல் இதழ்: ‘இரும்புக்கை மாயாவி’. இங்கிலாந்தின் வேலியன்ட் இதழில் 1962 முதல் வந்த சித்திரக்கதை, ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் படங்கள். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் ஒருவன் வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொள்கிறான். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து அந்தக் கை மட்டும் காற்றில் தெரியும். இதைத் தமிழ்ப் பிள்ளைகள் எவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள் என்பதற்கு அரை நூற்றாண்டு கடந்தும் அந்த மாயாவியைத் திரும்பத் திரும்பப் பதிப்பிக்க வேண்டியிருப்பதே சாட்சி. ஆச்சரியமே இல்லை. கண்ணில் மை போட்டுக்கொண்டு மறைகிறவனை அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். மைக்குப் பதில் மின்சாரம். குகைக்குப் பதில் ஆய்வகம். மிச்சமெல்லாம் பழைய கதை. பெயரில்கூட மாயாவி போகவில்லை பாருங்கள்.

நம் அறிவியல் புனைகதை வாசகரை மேனாட்டு நூல்களும் பள்ளிக்கூட அறிவியலும் உண்டாக்கியதாகச் சொல்கிற வழக்கம் இருக்கிறது. நான் ஒப்பமாட்டேன். ஐன்ஸ்டீனைப் படித்துவிட்டு சுஜாதாவின் இயந்திர நாய்க்குட்டி ஜீனோவிடம் வந்தவர் எத்தனை பேர்? ராகாசி லோயவிலிருந்து இரும்புக்கைக்கும், இரும்புக்கையிலிருந்து ஜீனோவுக்கும் நடந்து வந்தவர்கள்தான் கூட்டம்.

எண்பதுகளின் நடுவில் ஆனந்த விகடனில் ‘என் இனிய இயந்திரா’ தொடங்கியபோது அந்தப் பிள்ளைகளுக்கு முப்பது வயது. சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளர். கம்ப்யூட்டரைக் கையால் தொட்டவர் என்பதே அப்போது ஒரு தகுதி. கதை நடப்பது அன்றைய கணக்கில் நெடுந்தூர எதிர்காலமான 2020களின் தொடக்கத்தில். பிள்ளை பெற அரசின் அனுமதி வேண்டும், பெயர் இரண்டெழுத்துக்கு மேல் கூடாது, நாட்டை ஆள்பவர் ஜீவா என்ற தலைவர். இந்தச் சர்வாதிகாரத்துக்கு நடுவே நிலா என்ற பெண்ணும், புத்தகம் படிக்கிற, குத்தலாகப் பேசுகிற ஓர் இயந்திர நாய்க்குட்டியும். வாசகர்களுக்கு ஜீவா மறந்துபோனார், ஜீனோ தங்கிவிட்டது. ‘மீண்டும் ஜீனோ’ என்று இரண்டாம் பாகத்தின் தலைப்பிலேயே நாய்க்குட்டி ஏறி உட்கார்ந்துகொண்டது. தூர்தர்ஷனிலும் தொடராக வந்தது. பேசும் கிளி, பேசும் பதுமை, பேசும் வேதாளம் எல்லாம் கேட்டு வளர்ந்த வாசகருக்குப் பேசும் நாய் புதிய விருந்தாளியே அல்ல. சுஜாதாவுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். ஜீனோ எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டிலும் எப்படிப் பேசுகிறது என்பதில்தான் அவர் அக்கறை காட்டினார்.

அதே எண்பதுகளில் தெலுங்கிலிருந்து எதிர்த்திசையில் ஒரு காற்று வீசியது. எண்டமூரி வீரேந்திரநாத்தின் ‘துளசி தளம்’ பில்லிசூனியத்தையும் மருத்துவத்தையும் ஒரு குழந்தையின் உயிருக்காக மோதவிட்ட நாவல். சுசீலா கனகதுர்காவின் மொழிபெயர்ப்பில் அவருடைய நாவல்கள் தமிழ் வாடகை நூலகங்களில் ஓயாமல் சுற்றின. மந்திரமா அறிவியலா என்று கடைசிவரை வாசகரை ஊசலாட விடுவது அவர் உத்தி. தூக்கம் கெட்டது என்று புகார் சொல்லிக்கொண்டே அடுத்த புத்தகத்தைக் கேட்டார்கள்.

பிறகு 1991. தெலுங்கில் ‘ஆதித்யா 369’, தமிழில் ‘அபூர்வ சக்தி 369’. கால இயந்திரம் ஏறிக் கிருஷ்ணதேவராயர் சபைக்குப் போய், அங்கிருந்து 2504ஆம் ஆண்டுக்குப் போகிற கதை. இயக்கியவர் சிங்கீதம் சீனிவாசராவ். இவர் முப்பத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்னால் கே.வி. ரெட்டியிடம் ‘மாயா பஜார்’ படத்தில் உதவி இயக்குநராக இருந்தவர். அந்தப் பிரியப் பெட்டியைத் திறந்து மூடிய தளத்தில் நின்றவர் கையில் கால இயந்திரம் வந்து சேர்ந்ததில் ஒரு வம்சாவளி இருக்கிறது. ஹெச்.ஜி. வெல்ஸ் அதில் தூரத்து உறவு.

அம்புலிமாமாவின் முடிவு சுருக்கமானது. 2007இல் மும்பை மென்பொருள் நிறுவனம் ஒன்று பத்திரிகையை வாங்கியது. சில ஆண்டுகளில் நின்றுபோனது. தாசரியின் தொடர்கள் தெலுங்கில் நூல்களாக வந்துவிட்டன, எழுதியவர் பெயரோடு. பெயரில்லாத எழுத்தாளரைக் கண்டுபிடித்துப் பெயர் போட வைத்தவர்கள் அந்த பைண்டிங் பிள்ளைகள்தான், நரைத்த தலையோடு. தமிழில் அப்படி ஒரு வரிசை வரவேண்டும். மொழிபெயர்த்த கைகள் யாருடையவை என்பதையும் சேர்த்தே தேடவேண்டும். மாதாமாதம் நமக்கு அந்தக் காட்டைத் தமிழாக்கிக் கொடுத்தவர்களும் பெயரில்லாமல்தான் போனார்கள்.

மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்தது. தவறிய இதழ்களின் கடைசிப் புகலிடம் அதோடு போயிற்று. அந்த இடத்தில் எழுந்த புறநகர் ரயில் முனையத்துக்கு இன்றும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்றே பெயர். திருத்தணியிலிருந்து வரும் மின்ரயில் அங்கேதான் வந்து நிற்கிறது. கடை எரிந்தவர்களில் பலருக்குப் பின்புறம் கட்டிய அல்லிக்குளம் வளாகத்தில் இடம் கொடுத்தார்கள். பழைய இரும்புக்கை மாயாவி முதல் பதிப்பு அங்கே கண்ணில் பட்டால் விலை கேட்க மனம் திடமாக இருக்கவேண்டும்.

அந்த விலையை ஏற்றியவர்கள் யார், தீப்பெட்டி ஊரில் ஒரு லண்டன் மாயாவி எப்படித் தமிழ் பேசக் கற்றான், 1984 ஜூலையில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் லயன் காமிக்ஸ் என்று இன்னொரு கடையைத் திறந்தபோது என்ன நடந்தது என்பதற்கெல்லாம் சிவகாசிக்கு ரயிலேற வேண்டும். அடுத்த பகுதியில் ஏறுவோம்.

(தொடரும்)